அது விபூதி இல்லை என்று சொன்னவர்

டாக்டர் வரதராஜுலு காலமான செய்தி எனக்கு இட்லித் தட்டோடு வந்தது. மலையடிவாரத்தில் கடை வைத்திருக்கும் சுப்பம்மக்கா தட்டை என் முன்னால் வைத்தார், சட்னிக் கரண்டியை எடுத்தார், ஆனால் ஊற்றவில்லை.

"நம்ம மாட்டு டாக்டரு பூட்டாருடா சீனு. வேலூரு ஆஸ்பத்திரியில. பஸ் கண்டக்டரு இப்பத்தான் சொல்லிட்டுப் போறான்."

அந்தச் செய்தி என் காதிலிருந்து நெஞ்சுக்கு இறங்குவதற்குள், பக்கத்து பெஞ்சில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த ஒருவர் தீர்ப்பையும் சொல்லிவிட்டார். "பூடாம இன்னா பண்ணுவாரு? சாமி சேவலோட குண்டிக்காயை அறுத்தாரு. சாமி அவரு குண்டிக்காயை எடுத்துகிச்சு. கணக்கு சரியாப் பூட்ச்சு."

கடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் இட்லியை அப்படியே விட்டு எழுந்தேன். என்னை அறிந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு எழுந்திருக்கிறேன், பஜனையைப் பாதியில் விட்டு எழுந்திருக்கிறேன், இட்லியை விட்டு எழுந்ததில்லை.

நமது கையெழுத்துப் பத்திரிகையில் எனக்கு வழக்கமாகக் கிடைப்பது கடைசிப் பக்கத்து நகைச்சுவைத் துணுக்குகள். இந்த இதழுக்கு டாக்டரைப் பற்றி நாலு வரி மரியாதையாக எழுதித் தரச் சொன்னார் ஆசிரியர். மரியாதை என்னிடம் நிறையவே இருக்கிறது. நாலு வரிதான் முடியாது. அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். அந்தக் குண்டிக்காய்க் கணக்குக்கு, மரியாதையாகச் சொன்னால் சிறுநீரகக் கணக்குக்கு, தலையாட்டியவர்களும் உங்களில் இருப்பீர்கள். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். பக்கத்தைக் கிழித்தால் மறுபடி எழுதுவேன். என் கையெழுத்து மோசம், கை மோசமில்லை.

*

மாட்டு டாக்டர் என்று பெயரே தவிர, எதிலும் மாட்டவே மாட்டார். அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில் நான் எவ்வளவோ முயன்று பார்த்தேன்.

மாட்டாஸ்பத்திரி வாசலில் ஆணியில் தொங்கும் அவருடைய காக்கித் தொப்பியின் மேல் ஒருநாள் வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பைக் குழைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். காக்கை எச்சம் பட்டது என்று அவர் நினைக்க வேண்டும், அண்ணாந்து மரத்தைத் திட்ட வேண்டும், வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று நான் சிரிக்க வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

அவர் வெளியே வந்தார். மரத்தைப் பார்க்கவில்லை. தொப்பியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். தொண்டை கிழிகிற குரலில் கத்தினார், அவருக்கு மெதுவாகப் பேசவே வராது.

"எந்தக் காக்காடா இது? வெளியே வா!"

வெளியே வந்தேன்.

"வேலை அரைகுறை. காக்கா எச்சம்னா வெள்ளை மட்டுமா இருக்கும்? நடுவிலே கறுப்பு எங்கே? கறுப்பு, தின்னதோட சக்கை. வெள்ளை, மூத்திரம். நமக்கு ரெண்டு வாசல், அதுக்கு ஒரே வாசல். நீ மூத்திரத்தை மட்டும் வெச்சிட்டுப் போயிருக்கே. அரைக் காக்கா!"

தமிழ் வகுப்பில் பெயரெச்சம், வினையெச்சம் என்று இரண்டு எச்சங்களைத்தான் அதுவரை படித்திருந்தேன். மூன்றாவது எச்சத்துக்கு இத்தனை இலக்கணம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வாரம் சுண்ணாம்போடு கரியும் குழைத்துப் போனேன். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆங், இது முழுக் காக்கா," என்றார். பிறகு என் சட்டைக் காலரைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தொப்பியைத் துவைக்க வைத்தார். வேலை சுத்தமாக இருந்தால் குறும்பைக்கூட ஒப்புக்கொள்வார். அரைகுறையாக இருந்தால் கோயில் கைங்கரியமானாலும் கத்துவார். அப்படிப்பட்ட மனிதர்.

*

அவருடைய கூஜாவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாடு பார்க்கப் போனாலும் ஆடு பார்க்கப் போனாலும் ஒரு கூஜாத் தண்ணீர் கூடவே போகும். கூஜா டாக்டர் என்று பெயர் வைத்தது நான்தான். பரப்பியது நீங்கள்.

சுப்பம்மக்கா கடையில் அவருக்கு மட்டும் தனியாக உப்பில்லாத பொங்கல் வேகும். முதல்நாள் அக்காவுக்கு ஒரே கோபம். "ஏங்க, என் கையால உப்பு வாங்கித் துன்னா உங்க கௌரவம் கொறைஞ்சு பூடுங்களா?"

"உங்க கை நல்ல கைம்மா. என் குண்டிக்காய்தான் கெட்டுப் போச்சு. இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாலேயே கெட்டாச்சு. மெட்ராஸ் டாக்டர் உப்பைத் தொடக்கூடாதுன்னுட்டார்."

இந்த வார்த்தைகளை நான் மட்டும் கேட்கவில்லை. கடையில் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். காப்பி ஆற்றுகிறவரும் இருந்தார்.

சாயங்காலம் அவர் பூட்ஸைக் கழற்றினால் கால் இரண்டும் வெந்த இட்லி மாதிரி உப்பியிருக்கும். விரலால் அழுத்திக் காட்டுவார். குழி விழுந்து நெடுநேரம் நிற்கும்.

"நம்ம உடம்புல சேர்ற கழிவு தண்ணியிலே கரைஞ்சுதாண்டா வெளியே போகணும். அதுக்குத் தண்ணி வேணும், நல்ல குண்டிக்காய் வேணும். பறவைக்கு அந்த வம்பு பாதிதான். கழிவை வெள்ளைப் பசையா ஆக்கித் தள்ளிடும். போற வழியிலே குடல் மிச்சத் தண்ணியையும் உறிஞ்சித் திருப்பி வாங்கிக்கும். முட்டைக்குள்ளே இருக்கிற குஞ்சு எங்கே போய் மூத்திரம் பெய்யும் சொல்லு? அங்கேயே ஆரம்பிச்சுடுது அந்தச் சிக்கனம். நான் கோழியாப் பொறந்திருக்கணும்."

"பொறந்திருந்தா இந்நேரம் யாராச்சும் குழம்பு வெச்சிருப்பாங்க சார்."

"அதுலேயாவது உப்பு இருந்திருக்கும்," என்றார்.

அவருக்குச் சொந்த ஊர் பழவேற்காடு. அங்கே கடல் காக்கைகள் உப்புத் தண்ணீரையே குடித்துவிட்டுச் சும்மா இருக்குமாம். அலகு நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்குமாம், தலையை உதறி அதைத் தெறித்துவிடுமாம். நாட்டுக்கோழி அப்படிக் குடித்தால் செத்துப்போகும். "அதுக்கு மட்டும் எப்படி சார் ஒத்துக்குது?" என்று கேட்டேன். "தெரியாது!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். தெரியாது என்பதை அத்தனை பெருமையாகச் சொல்கிற பெரிய மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நம் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைப் பையன்கள்தான் சொல்வோம், பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டு.

*

இனி, சேவல் கதை. ஊர் முழுக்கச் சொல்கிற கதையில் பாதிதான் இருக்கிறது. வெள்ளை இருக்கிறது, கறுப்பு இல்லை.

அடிவாரத்தில் வளையல் வியாபாரி ஒருவர் எந்தக் காலத்திலோ கட்டிவைத்த சத்திரம் உங்களுக்குத் தெரியும். அதன் முற்றத்தில் ஒரு கல் வேல். மலையேறும் ஜனங்கள் வேலடியில் உப்பும் மிளகும் அரிசியும் கொட்டிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சேவல் விடுவதாக வேண்டிக்கொண்டவர்கள் அங்கேயே கூண்டில் விட்டுவிட்டுப் போவார்கள். சத்திரத்து நிர்வாகம் முனிரத்தினம் நைனா. காலையில் அந்தச் சேவல்கள் கூவினால்தான் அவர் எழுந்திருப்பார். ஒருமுறை நான் கூண்டை இருட்டாகக் கோணிப்பையால் மூடிவைத்தேன். சேவலும் எழவில்லை, நைனாவும் எழவில்லை, பூஜை மத்தியானம் நடந்தது. அன்றிலிருந்து சத்திரத்தில் ஓட்டை விழுந்தாலும் ஓடு உடைந்தாலும் என் பெயர்தான்.

ஆடிக் கிருத்திகை முடிந்த சில நாட்களில் கூண்டில் சேவல்கள் சாக ஆரம்பித்தன. தலை தொங்கும், கால் மடங்கும், மறுநாள் விறைத்துக் கிடக்கும்.

"வெஷம் வெச்சுட்டாண்டா அந்தத் தறுதலை!" என்று நைனா கடைத்தெருவில் நின்று கத்தினார். அதற்குச் சாட்சி யாரும் கேட்கவில்லை. நான் இல்லை என்றேன். குறும்புக்காரன் சொல்கிற உண்மைக்கு அத்தனை மதிப்பு. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். விஷயம் தீர்கிற வரைக்கும் வாசல்படி மிதிக்காதே, நீதான் என்று தெரிந்தால் பேரை அடித்துவிடுவேன், வேறெந்தப் பள்ளியும் உன்னைச் சேர்க்காது என்றார். அப்பா அடிக்கவில்லை. என் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விஷத்தை நிரூபிக்க மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பியது யார்? நைனாவேதான். அறுத்துப் பார்க்கச் சொன்னது யார்? அதுவும் நைனாவேதான். இதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. என்னை ஒரு தூணோரம் நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் பலகை போட்டு உட்கார்ந்து, செத்த சேவல் ஒன்றை மல்லாத்தி நெஞ்சைத் திறந்தார். கூட்டம் எட்டிப்பார்த்தது. சேவலின் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளை வெளேரென்று பொடி படிந்திருந்தது. பூசிவிட்ட மாதிரி இருந்தது.

"விபூதி!" என்று யாரோ அலறினார்கள்.

அவ்வளவுதான். அரோகரா முற்றத்தைத் தூக்கியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நைனாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பையன் மேல பழி சொல்லிட்டேனே! அப்பன் முருகன் தன் சேவலைத் தானே கூப்ட்டுகினான்! நெஞ்சுல விபூதி பூசிக் கூப்ட்டுகினான்!"

எனக்கு உயிர் திரும்பி வந்தது. தூணைவிட்டு நழுவி டாக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சார், விட்டுடுங்க சார். விபூதியாவே இருக்கட்டும். நான் தப்பிச்சுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். அன்று ஒருமுறைதான் அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டேன்.

"நீ தப்பிச்சே. கூண்டுல மிச்சம் இருக்கறதுங்க?"

அதற்குள் ஒரு அம்மாள் குனிந்து, அந்த வெள்ளையில் விரலைத் தொட்டு, இடுப்பிலிருந்த குழந்தையின் நெற்றிக்குக் கொண்டுபோனார். டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேணாம்மா. அது விபூதி இல்லை. சேவலோட மூத்திரம்."

அரோகரா பாதியில் நின்றது. அவர் கூண்டைப் பார்த்துவிட்டு நைனாவிடம் கேட்டார். "தண்ணித் தொட்டி எங்கே?"

நைனா தடுமாறினார். "எடுத்துட்டேங்க. ஒரே ஈரமாப் பேண்டுகினே இருந்துச்சுங்க. கூண்டெல்லாம் சேறு. வயித்தால போறப்ப யாராச்சும் தண்ணி குடுப்பாங்களா?"

"தீனி?"

"ரேஷன்ல மனுசனுக்கே அரிசி இல்லீங்க. வேலடியில விழற நொய்யும் உப்பும் கூட்டி அள்ளிப் போடுவேன். சாமிக்கு வந்தது சாமி சேவலுக்கு."

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத வருஷம். ஜனங்கள் அரிசியைக் கிள்ளிப் போட்டார்கள், உப்பை அள்ளிப் போட்டார்கள். நைனா சேவல்களுக்குப் பக்தியை ஊட்டினார். அதில் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டாக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "உப்பை வெளியே தள்ளக் கோழிக்குத் தண்ணி வேணும். அதான் மொண்டு மொண்டு குடிச்சது, ஈரமாப் பேண்டது. அது வியாதி இல்லை, வைத்தியம்! அதுவே பண்ணிக்கிட்ட வைத்தியம்! நீங்க தண்ணியை நிறுத்தினீங்க. உப்பு உள்ளேயே நின்னுடுச்சு, குண்டிக்காய் அடைச்சுடுச்சு. எச்சத்துல வெளியே போக வேண்டிய வெள்ளை நெஞ்சுல படிஞ்சுடுச்சு. விஷமும் இல்லை, அற்புதமும் இல்லை. தாகம்!"

நைனாவின் முகம் கறுத்தது. "சாமி விபூதியை மூத்திரம்னு சொல்றியே! நீ உப்புப் போட்டுத்தான் சோறு துன்றியா?"

"இல்லைங்க," என்றார் டாக்டர். "உப்பை நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு. சுப்பம்மாவைக் கேளுங்க."

சிரித்தீர்களே! வேலுக்கு முன்னால் நின்றுகொண்டு அத்தனை பேரும் சிரித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எதற்குச் சிரித்தீர்கள் என்றும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

பிறகு அவர் தம் வீட்டிலிருந்து கைகழுவும் எனாமல் பேசினை என்னை விட்டு எடுத்துவரச் சொன்னார். தாகத்தில் கிடக்கும் பறவைக்கு ஒரேயடியாகத் தண்ணீர் காட்டினால் அதுவும் ஆபத்தாம். அதனால் சாயங்காலம் வரை கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் ஊற்றி, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருந்தார். வீங்கிய காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னும் சிலது சாகும். அப்புறம் நிக்கும்," என்றார். சில செத்தன. அப்புறம் நின்றது.

*

நான் பள்ளிக்கூடம் திரும்பினேன். தலைமையாசிரியர் வாசல்படியில் விலகி நின்று வழிவிட்டார். மன்னிப்புக் கேட்கத் தலைமை இடம் தரவில்லை. அப்பா பரணிலிருந்து புத்தகக் கட்டை இறக்கி, தூசு தட்டி, என் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

டாக்டருக்கு அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கொஞ்ச காலம் யாரும் மாடு ஓட்டிக்கொண்டு வரவில்லை. "சாமியைப் பழிச்சவன் கையி நம்ம பசு மேல படக்கூடாது" என்றார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த கிருத்திகையன்று கூஜாவைத் தூக்கிக்கொண்டு படியேறினார். அந்தக் காலோடு! வழி மண்டபங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். இறங்கி வந்ததும் கடைத்தெரு நடுவில் நின்று சொன்னார். "நேரே அவன்கிட்டேயே கேட்டுட்டேன். அவன் ஒண்ணும் கோவிச்சுக்கலை. நடுவிலே இருக்கறவங்கதான் கோவிச்சுக்கறீங்க."

ஒரு கறவை மாட்டுக்கு மடி வீங்கியதும் ஜனங்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். அவர் வைத்தியம் பார்த்தார். கத்தினார், ஆனால் மாட்டை வைத்துக்கொண்ட விதத்துக்காகக் கத்தினார்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது ஸ்டேஷனில், வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று. முகமும் உப்பியிருந்தது. அரக்கோணம் வண்டியில் ஏற நான்தான் தாங்கிப் பிடித்தேன்.

"நான் செத்தா முனிரத்தினம் சாபம்னு சொல்வாண்டா."

"நான் சண்டை போடுவேன் சார்."

"போடாதே. அவன் சொல்லிட்டுப் போகட்டும். தொட்டியில தண்ணி இருக்கான்னு மட்டும் பாரு."

வண்டி நகர்ந்ததும் ஜன்னல் வழியாகக் கத்தினார். "என் பேசினைத் திருப்பிக் கேக்காதே!"

*

சண்டை போடாதே என்றார். சார், இந்த ஒரு பேச்சை நான் கேட்கப்போவதில்லை. நீங்களும் யார் பேச்சையும் கேட்டவர் இல்லை.

இட்லியை விட்டு எழுந்தவன் நேரே சத்திரத்துக்குத்தான் போனேன். முனிரத்தினம் நைனா கூண்டுக்குள் குனிந்திருந்தார். அந்த எனாமல் பேசினைத் தேய்த்துக் கழுவி, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வேலடி உப்பு ஒரு மூலையில் தனியாகக் குவிந்திருந்தது.

"டாக்டர் பூட்டாரு நைனா."

"கேட்டேன்." நிமிரவில்லை. "சாமி குத்தம். வேற இன்னா?"

"அப்புறம் எதுக்குத் தண்ணி ஊத்தறீங்க?"

"சேவலு குடிக்கணும் இல்ல?"

"யாரு சொன்னா?"

 நைனா குடத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் பேசினில் விட்டார். ஒரு சேவல் வந்து அலகை முக்கி, கழுத்தை மேலே தூக்கி விழுங்கியது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

டாக்டருக்கு மனைவி மக்கள் இல்லை. வேலூரிலிருந்து கூஜா வருமா என்று தெரியாது. எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு சொல். 'தெரியாது' என்று வெட்கமில்லாமல் உரக்கச் சொல்வேன். தெரிந்ததை அதைவிட உரக்கச் சொல்வேன், எனக்கு நஷ்டமானாலும். பழவேற்காட்டுக் கடல் காக்கை அந்த ஒரு சொட்டில் எதை உதறுகிறது என்று என்றைக்காவது கண்டுபிடித்தால், மலைமேல் நின்று கத்துகிறேன்.

தெரிந்த ஒன்றை இப்போதே கத்திவிடுகிறேன். அவர் சிறுநீரகம் சேவலை அறுப்பதற்கு வெகுகாலம் முன்பே கெட்டிருந்தது. சுப்பம்மக்காவின் உப்பில்லாத பொங்கல் சாட்சி. முற்றத்தில் நீங்கள் சிரித்த சிரிப்பு சாட்சி. இன்னும் சாபம்தான் என்கிறவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அவர் சொன்னது பொய்யென்றால் அந்தத் தண்ணீருக்கும் அங்கே வேலையில்லை. நாளைக் காலை சத்திரத்துக்குப் போய், நைனா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பேசினைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள். நான் சுப்பம்மக்கா கடையில்தான் இருப்பேன்.